உள்ளேயிருந்து விழுந்த அடி

ஜூன் 9, திங்கள்

கார் ஷெட் ஷட்டர் போய்விட்டது. மதியம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து பார்க்கிறேன், பாதியில் சிக்கிக் கோணலாகத் தொங்குகிறது. கீழே உள்ள தகரப் பட்டைகள் மடங்கி, இடது பக்கச் சட்டத்தை விட்டு வெளியே பிதுங்கியிருக்கின்றன. நான் வேலைக்குப் பஸ்ஸில் போகிறவன், என் கார் உள்ளே மாட்டிக்கொண்டது. அண்ணனுடைய கார் மட்டும் சாமர்த்தியமாகத் தெருவில் நிற்கிறது.

மனைவி கலாமணியைக் கேட்டேன். "காத்துங்க. பதினோரு மணிக்கு ஒரு காத்து அடிச்சுது பாருங்க, அதுல போயிருச்சு" என்றாள். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக முப்பது வருடத்துக்கு மேல் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து மதிப்பிட்டவன் நான். ரிட்டயர் ஆன பிறகும் கணபதி ஏரியாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காலை பத்திலிருந்து இரண்டு வரை அதே வேலையைத்தான் செய்கிறேன். மரத்தில் மோதியதா, மனிதன் மேல் மோதியதா என்று தகரம் எனக்குச் சொல்லிவிடும். காற்று அடித்தால் ஷட்டர் உள்பக்கமாகக் குழியும். இது வெளிப்பக்கமாகப் புடைத்திருக்கிறது. அடி உள்ளேயிருந்து விழுந்திருக்கிறது. கடைசிப் பட்டையில் சிவப்புப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. என் கார் வெள்ளை. அண்ணன் கார் சிவப்பு.

அப்பா கட்டிய இந்த வீட்டை ஒன்பது வருடத்துக்கு முன் நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டோம். முன்னால் இருக்கும் ஷெட்டை மட்டும் பிரிக்க முடியவில்லை. இரண்டு கார் நிற்கும் இடம், ஒரே ஷட்டர். அவன் வீட்டிலிருந்து ஷெட்டுக்கு ஒரு கதவு, என் வீட்டிலிருந்து ஒரு கதவு. பொதுவில் இருக்கட்டும் என்று பாகம் பேசிய பெரியவர்கள் விட்டுவிட்டார்கள். சின்ன வயதிலிருந்து என்னை ‘ஆறு’ என்றே கூப்பிட்ட அண்ணன் சென்னியப்பன், பாகம் பிரித்த அன்று எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "கமிஷன் வாங்கித் தின்னவனுக்கு நியாயம் எங்கிருந்து தெரியும்?" என்றான். அன்றோடு பேச்சு நின்றது. இந்த வீட்டில் யாரும் அந்த வீட்டில் யாருடனும் பேசுவதில்லை.

இடித்துவிட்டு, காற்று என்று ஆக்கப் பார்க்கிறான். நான் விடப்போவதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

கலாமணியின் வலது தோளில் கன்றிப்போன தடம். பாத்ரூமில் வழுக்கிவிட்டதாம். போய்ப் பார்த்தேன். தரை சொரசொரப்பாகத்தான் இருக்கிறது. வழுக்கி விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள், இடுப்பு அடிபடும். தோளின் மேல்பக்கம் எப்படி?

வயதாகிறது அவளுக்கும். தைலம் வாங்கி வந்தேன்.

ஜூன் 12, வியாழன்

ஷட்டர் போடும் ஜெபராஜ் வந்தார். ஒர்க்‌ஷாப் மூலம் பழக்கம். இரண்டு வருடத்துக்கு முன்பே இதைப் பார்த்துவிட்டு, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, நாலாயிரத்தில் மாற்றிவிடலாம் என்று சொன்னவர். அப்போது நான் வேண்டாம் என்றேன். பாதிப் பணத்துக்கு அண்ணன் முதலில் ஒப்புக்கொள்ளட்டும், பிறகு பார்க்கலாம் என்றிருந்தேன்.

"இனி ரிப்பேர் ஆகாதுங்க. பட்டையும் போச்சு, சட்டமும் வளைஞ்சு போச்சு. புதுசுதான் மாட்டோணும்" என்றார்.

அளவெடுத்துக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கக் கதவு திறந்தது. அண்ணன். இந்த வயதில் கறுப்புக் கண்ணாடி வேறு. இப்போதெல்லாம் வீட்டுக்குள்ளேயே அதைப் போட்டுக்கொண்டுதான் திரிகிறான். என்னைப் பார்க்காதவன் மாதிரி நின்று, "தம்பி, இங்க வந்துட்டுப் போங்க" என்று ஜெபராஜை மட்டும் கூப்பிட்டான். உள்ளே போன ஜெபராஜ் வெளியே வர வெகுநேரம் ஆனது. என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "சும்மாதானுங்க, டீ குடுத்தாங்க" என்றார்.

டீக்கு அவ்வளவு நேரமா?

ஜூன் 14, சனி

மழை. ஷட்டர் பாதி திறந்தே கிடப்பதால் ஒரு தெருநாய் என் கார் முன்னால் குடியேறிவிட்டது. கலாமணி அதற்குச் சோறு வைக்கிறாள்.

ஜூன் 16, திங்கள்

ஜெபராஜ் ஒன்றுக்கு இரண்டு எஸ்டிமேட் கொண்டுவந்திருக்கிறார். நான் கேட்டது கையால் தூக்கும் சாதாரண ஷட்டர். பழையதை இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டு, மாட்டும் கூலியும் சேர்த்து நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு. நியாயமான விலைதான், இரண்டாயிரம் குறைக்கலாம். அண்ணன் கேட்டது மோட்டார் வைத்த ஷட்டர். கரண்ட் போனாலும் வேலை செய்ய பேட்டரி. எழுபத்தெட்டாயிரம்!

"பெரியவங்க மூணு ரிமோட் கேட்டிருக்காங்க" என்றார்.

"எதுக்கு மூணு? அவங்க வீட்ல ரெண்டே பேரு. எனக்கு ஒண்ணு குடுக்கறதா இருந்தாக்கூட நான் வாங்க மாட்டேன்."

"எனக்குத் தெரியாதுங்க. மூணுன்னாங்க."

ஒன்று அவனுக்கு, ஒன்று அண்ணிக்கு. மூன்றாவது யாருக்கு? தவிர, எஸ்டிமேட்டை நீட்டியபோது அண்ணன் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "நீயே வாசிச்சுச் சொல்லு" என்று திருப்பிக் கொடுத்தானாம். அவ்வளவு திமிர். எழுபத்தெட்டாயிரம் ரூபாய்க் காகிதத்தைப் படித்துக்கூடப் பார்க்காதவன் ஒன்று முட்டாள், அல்லது அதில் தனக்கு எவ்வளவு என்று முன்பே பேசி வைத்தவன். அண்ணன் முட்டாள் இல்லை.

ஜூன் 18, புதன்

சாப்பிடும்போது கலாமணியே பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, அந்த மோட்டாரே போட்டுட்டா என்னங்க?"

"உனக்கு யாரு சொன்னா மோட்டார்னு?"

"ஜெபராஜ் வாசல்ல நின்னு பேசுனது காதுல உளுந்துச்சு. தூக்க முடியாதவங்க என்ன பண்ணுவாங்க சொல்லுங்க."

"தூக்க முடியாதவங்க யாரு?"

கொஞ்சம் மோர் ஊற்றினாள். "எனக்குத்தான். தோளு வலிக்குது" என்றாள்.

இவள் ஷட்டரைத் தூக்க வேண்டிய அவசியம் என்ன? அவள் கார் எடுப்பதில்லை. ஓசூரில் வேலை பார்த்த காலத்தில் நான்தான் சொல்லிக்கொடுத்து லைசென்ஸ் வாங்க வைத்தேன். இந்த ஊருக்கு வந்த பிறகு நெரிசலில் வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். அதனால் இது அவள் சொந்த யோசனை இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 21, சனி

காய்கறி வண்டிக்காரனிடம் அண்ணி நின்றிருந்ததைப் பார்த்தேன். தலையில் துணி கட்டியிருக்கிறார். அடியில் முடி இல்லை. பழனிக்குப் போய் மொட்டை போட்டு வந்திருக்கிறார்கள், இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஒரு பொட்டலம் பஞ்சாமிர்தம் கொடுத்தனுப்பவில்லை. அண்ணியிடம் இதை எதிர்பார்க்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னைத் தம்பி, தம்பி என்றவர். இளைத்தும் போயிருக்கிறார். விரதம் போலிருக்கிறது.

கலாமணியிடம் சொன்னேன். "ஓ" என்று மட்டும் சொன்னாள். எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் நடக்கப் போகும் சாக்கில் அண்ணன் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். பின்கதவில் கீறல், பாலீஷ் போட்டுத் தேய்த்து மறைத்திருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று: டிரைவர் சீட் ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் இழுத்து விடப்பட்டிருக்கிறது. முதுகுக்கு ஒரு தலையணை. அண்ணன் ஆறடி. அந்த சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும்.

ஆக, ஓட்டுவது அண்ணன் இல்லை. ரகசியமாக ஒரு டிரைவர் வைத்திருக்கிறான், ஆள் குள்ளம். மூன்றாவது ரிமோட் யாருக்கு என்பது விளங்கிவிட்டது. ஷட்டரை இடித்தது அந்த டிரைவர். அவன் இடித்ததற்கு நான் பாதி தர வேண்டும்!

தனியாக ஒன்று. ஒரு மாதமாக இந்த வீட்டில் மாதுளம்பழம் கிலோக் கணக்கில் வருகிறது. நான் ஒரு டம்ளர் ஜூஸ்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

ஒர்க்‌ஷாப்பில் கரண்ட் இல்லை. பதினொன்றரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். கலாமணி இல்லை.

தெருவில் அண்ணன் காரும் இல்லை.

ஒரு மணிக்குக் கலாமணி வந்தாள். என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள். கோயிலுக்குப் போனதாகச் சொன்னாள். நெற்றியில் குங்குமம் இல்லை, கையில் பிரசாதம் இல்லை. முந்தானையில் டெட்டால் மாதிரி ஒரு வாசம்.

"எந்தக் கோயிலு?"

"எல்லாக் கோயிலும் உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் போவோணுமா?"

இப்படி அவள் பேசியதே இல்லை. நான் கலாமணியைச் சந்தேகப்படவில்லை. பார்த்ததைக் குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூன் 29, ஞாயிறு

 ஜெபராஜுக்கு போன் செய்து, செவ்வாய்க்கிழமை காலை வந்து பழையதைக் கழற்றி என் காரை வெளியே எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். என்ன மாட்டுவது என்பதை அன்றைக்கே நேரில் வைத்துத் தீர்த்துக்கொள்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

ஒன்பது மணிக்கு ஜெபராஜ் இரண்டு ஆட்களோடு வந்தார். ஒர்க்‌ஷாப்புக்கு லீவு சொல்லியிருந்தேன். பட்டைகளை அறுத்து இறக்கினார்கள். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அண்ணன் அவன் கதவுப் படியிலும் நான் என் கதவுப் படியிலும் ஒரே நேரத்தில் நின்றோம். நடுவில் ஜெபராஜ்.

"ஜெபராஜு, மோட்டார்தான் போடோணும்னு சொல்லீரு" என்றான் அண்ணன்.

"மோட்டாருக்கு நான் பாதி தர மாட்டேன்னு சொல்லுங்க ஜெபராஜ்" என்றேன்.

ஜெபராஜ் இரண்டு பக்கமும் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானுங்க கேக்குது" என்றார். 

"பாதி வேண்டாம். முழுசும் நானே குடுத்துக்கறேன்னு சொல்லு."

இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். முழுப் பணத்தையும் இன்று கொடுப்பான். நாளைக்கு ஷெட்டே என்னுடையது என்பான்.

"இடிச்சது யாருன்னு மொதல்ல கேளுங்க ஜெபராஜ்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "காத்து இல்ல. உள்ளருந்து வண்டி இடிச்சிருக்குது. ஓட்டுனது அவரும் இல்ல. சீட்ட முன்னால இழுத்துப் போட்டுக்கற ஒரு குள்ளன். திருட்டுத்தனமா டிரைவர் வெச்சுக்கிட்டு, அவன் இடிச்சதுக்கு என் தலையில கட்டப் பாக்கறாங்க. யாரு அந்த ஆளு? கூப்புடச் சொல்லுங்க வெளிய!"

 கறுப்புக் கண்ணாடி என் பக்கம் திரும்பியது. ஆனால் என் முகத்துக்குத் திரும்பவில்லை. எனக்கு ஒரு கை தள்ளியிருந்த தூணைப் பார்த்தது.

அவனுக்குப் பின்னால் கதவு திறந்தது. அண்ணன் வீட்டுக்குள்ளிருந்து கலாமணி வெளியே வந்தாள். ஒரு கையில் பிளாஸ்டிக் பேசின், மற்றக் கையில் ஈரத் துண்டு.

"சத்தம் போடாதீங்க. அக்கா இப்பத்தான் வாந்தி எடுத்துட்டுப் படுத்திருக்காங்க" என்றாள். பிறகு, "நான்தானுங்க இடிச்சேன். அந்தக் குள்ளன் நான்தான்" என்றாள்.

ஜெபராஜின் ஆட்கள் மெஷினை நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 2, புதன்

ஷெட் வாய் பிளந்து கிடக்கிறது. வேலைக்குப் போகவில்லை.

ஜூலை 3, வியாழன்

கலாமணி இன்று பேசினாள். நான் கேட்டதால் அல்ல. கீரை ஆய்ந்துகொண்டே அவளாகச் சொன்னாள்.

அண்ணிக்கு மார்பில் கட்டி. ஜனவரியில் ஆபரேஷன். அதற்கப்புறம் மருந்து ஏற்றினார்கள், முடி போனது அதில்தான். இப்போது வாரத்தில் ஐந்து நாள் ரேடியேஷன், அதாவது கரண்ட் வைக்கிறார்கள். ஆபரேஷன் செய்த பக்கக் கையால் கனமான எதையும் தூக்கக் கூடாது. அண்ணனுக்குச் சர்க்கரையால் கண் போய்க்கொண்டிருக்கிறது. வெளிச்சம் தெரிகிறது, ஆள் நிற்பது தெரிகிறது, முகமும் எழுத்தும் தெரியவில்லை. மகள் புனேயில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். முதல் தடவை மருந்து ஏற்றிவிட்டு ஆட்டோவில் வரும்போது அண்ணி வாந்தி எடுத்ததற்கு, ஆட்டோக்காரன் வழியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டானாம். கண் தெரியாத ஆளும் நிற்க முடியாத ஆளும் நடுரோட்டில்.

"அன்னிக்குச் சாயங்காலம் அக்கா ஷெட்டுக்குள்ள வந்து நம்ம கதவத் தட்டுனாங்க. நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. கலா, உனக்கு இன்னும் வண்டி ஓட்ட வருமான்னு கேட்டாங்க. அவ்வளவுதான் கேட்டாங்க."

அன்றிலிருந்து இவள்தான் ஓட்டுகிறாள். நான் பத்து மணிக்குக் கிளம்பியதும் இவர்கள் கிளம்புவார்கள்.

அந்தத் திங்கட்கிழமை ஷட்டர் தானாகக் கீழே இறங்கியிருக்கிறது. அண்ணி நல்ல கையால் அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். கை நழுவியது, இவள் ரிவர்ஸ் எடுத்தது, இரண்டும் ஒரே நேரம். இடித்ததும் ஷட்டர் சட்டத்தை விட்டுக் கழன்று அண்ணி பக்கம் சாய்ந்தது. இவள் இறங்கி ஓடித் தோளைக் கொடுத்து நிறுத்தியிருக்கிறாள். அண்ணன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "எங்கிருக்கறே, எங்கிருக்கறே" என்று கத்தினானாம். எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியவில்லை அவனுக்கு. பிறகு ஷட்டரை மேலே தள்ளிக் காரை வெளியே எடுத்திருக்கிறார்கள், அதன் பின்தான் அது பாதியில் இறங்கிச் சிக்கிக்கொண்டது.

ஸ்பிரிங்கைப் பற்றிக் கலாமணி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா மொதல்ல என்ன கேட்டிருப்பீங்க?"

யோசித்தேன். பெட்ரோல் யார் போடுவது என்று கேட்டிருப்பேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

"பெரியவரு சொல்லக் கூடாதுன்னாரு. ஆறு வந்து பாத்தா எனக்குத் தாங்காதுன்னாரு. ஆனா அதுக்காக மட்டும் நான் மறைக்கலைங்க" என்றாள். ஆய்ந்த கீரையைத் தட்டில் ஒதுக்கினாள். "அந்த மூணு மணி நேரம் எங்க போனே, எதுக்குப் போனேன்னு யாரும் கேக்கல. நான் பாட்டுக்கு வண்டி ஓட்டுனேன். அக்காளுக்குச் சீக்கா இருக்கும்போது இப்படி நெனைக்கறதே பாவம்தான். ஆனா நல்லா இருந்துச்சு."

 கீரைத் தண்டுகளை எடுத்துப்போய் வெளியே போட்டு வந்தேன்.

சாயங்காலம் ஜெபராஜுக்கு போன் செய்தேன். மோட்டாரே மாட்டச் சொன்னேன். ஆளுக்குப் பாதி. எழுபத்தைந்துக்கு முடிக்கச் சொன்னேன், எழுபத்தாறுக்கு வந்தார். இன்னும் ஐந்நூறு குறைத்திருப்பார். மனம் அதில் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

பத்து மணிக்கு ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பவில்லை. தெருவில் அண்ணன் காருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அண்ணியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள் கலாமணி. பின்னால் அண்ணன், ஒரு கை காம்பவுண்டுச் சுவரைத் தடவியபடி. இத்தனை நாளும் இதே வாசலில் இதே மாதிரித்தான் நடந்திருப்பான்.

அண்ணி என்னைப் பார்த்ததும் தலைத்துணியைச் சரி செய்துகொண்டார். "வாங்க தம்பி" என்றார், நான் அவர் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவன் மாதிரி. "எப்படி இருக்கீங்க அண்ணி" என்று கேட்டிருக்க வேண்டும்.  கலாமணியிடம் கையை நீட்டி, "சாவியக் குடு. நான் ஓட்டறேன்" என்றேன்.

"வேண்டாங்க. நான் ஓட்டறேன். நீங்க வரதுன்னா பின்னால உக்காருங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. சாவியைக் கொடுக்கும் எண்ணமும் இல்லை.

பின்னால் உட்கார்ந்தேன். சின்னக் கார். அண்ணனுடைய தோளும் என் தோளும் இடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டியிருந்தது. அவன் வழக்கமாகப் போடும் பவுடர் வாசம். நிறைய மெலிந்திருக்கிறான். கலாமணி கண்ணாடியைச் சரி பார்த்து, சிக்னல் போட்டு, ஒரு லாரிக்கு வழிவிட்டு, அவினாசி ரோட்டில் ஏறினாள். நன்றாகத்தான் ஓட்டுகிறாள். கிளட்ச்சில் காலை வைத்தே ஓட்டும் பழக்கம் மட்டும் இருக்கிறது. சொல்ல வந்து விட்டுவிட்டேன்.

அண்ணி முன் சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.  வண்டி ஓரிடத்தில் நின்றபோது அண்ணன் தொண்டையைச் செருமினான்.

"இப்ப எங்க நிக்கறோம்?"

யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை. கலாமணி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். 

"சிக்னல்ல" என்றேன். "செவப்பு உளுந்திருக்குது."

"பக்கத்துல என்ன?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். "காலேஜ் பஸ் ஒண்ணு. கடைசி சீட்ல ஒரு புள்ள வாயத் தொறந்துட்டுத் தூங்குது."

"அப்புறம்?"

"இந்தப் பக்கம் ஒரு நகைக்கடை, புதுசு. பெரிய போர்டு. அதுக்கு அடுத்தாப்புல பூக்காரம்மா. கதம்பம் கட்டிட்டு இருக்குது."

அண்ணன் தலையை ஆட்டினான். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே ஈரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, என் முழங்கால் மேல் கையை வைத்தான். ரோட்டில் ஏதோ பள்ளம் வரப்போகிறது என்று பிடித்துக்கொள்வது மாதிரித்தான் வைத்தான்.

"சொல்லு ஆறு. அப்புறம்?"

பச்சை விழுந்தது. கலாமணி வண்டியை எடுத்தாள். நான் சொல்லிக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரி வரும்வரை ஒரு கடையைக்கூட விட அவன் விடவில்லை.